மேஜிக் ஷோவில் தொடங்கிய சைக்காலஜி படிப்பு: ஃப்ராய்டுக்கே மறுப்பு எழுதிய கிரீந்திரசேகர் போஸ் யார்?

ஜோலார்பேட்டையில் இருந்து சேலம் போகும் ரயில் பாதையில், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது பொம்மிடி. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இந்த மாதிரி ஊர்களில் எந்தப் பெண்ணோ பையனோ பி.காம். என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நர்சிங், பி.சி.ஏ. என்றாலும் சரிதான். சைக்காலஜி என்று சொன்னால் மட்டும் வீட்டு வாசலில் தொடங்கி டீக்கடை வரை கேள்விகள் வரிசை கட்டும்.

அது பைத்தியத்துக்குப் பார்க்கிற படிப்பா? நான் மனசுல என்ன நினைக்கிறேன்னு சொல்லிடுவியா? மூன்றாவது கேள்வியை நேரடியாகக் கேட்க மாட்டார்கள், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள்: பிள்ளைக்கு ஏதாவது பிரச்சினையா?

இந்த மூன்றாவது கேள்வி நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமானது கிடையாது. தன் மனசு சரியில்லாதவர்கள்தான் மனசைப் பற்றிப் படிக்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் வருஷக்கணக்கில் மனநோயால் அவதிப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள், தானே ஒரு இருட்டைத் தாண்டி வந்தவர்கள் இந்தத் துறைக்கு வருவதுண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால், அது ஒன்றுதான் வழி என்று நினைத்தால் தப்பு.

இந்தியப் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்காக முதல் டாக்டர் பட்டம் வாங்கியவர் இந்தத் துறைக்கு வந்த வழியே வேறு. அவர் மேஜிக் வழியாக வந்தார்.

பெயர் கிரீந்திரசேகர் போஸ். சுபாஷ் சந்திர போஸுக்கும் விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸுக்கும் நடுவில் கூகுளில் தொலைந்து போகிற பெயர். வங்காளத்தில் இன்றும் தெரிந்த பெயர். உளவியல் மாணவர்கள் எங்கே இருந்தாலும் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாவது படித்திருப்பார்கள்.

மோடி வித்தையும் மயக்க உறக்கமும்

போஸ் பிறந்தது 1887 ஜனவரி 30, பீகாரின் தர்பங்காவில். அப்பா சந்திரசேகர் போஸ், தர்பங்கா மகாராஜாவிடம் திவான் வேலை பார்த்தவர். ஒன்பது பிள்ளைகளில் கிரீந்திரசேகர் கடைக்குட்டி. அண்ணன் ராஜசேகர் போஸ், பிற்காலத்தில் பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்காளத்தையே சிரிக்க வைத்தவர். இந்த அண்ணன் கதையின் பிற்பகுதியில் மறுபடி வருவார்.

கொல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் அறிவியல் படித்துவிட்டு, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கூடவே ஒரு பொழுதுபோக்கு இருந்தது. மேஜிக் காட்டுவார். ஹிப்னாடிசமும் கற்றுக்கொண்டிருந்தார்.

தர்மபுரி, சேலம் பக்கம் சந்தைக்குப் போய்ப் பழகிய வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் மோடி மஸ்தான் கதை சொல்வார்கள். கூட்டத்தைச் சுற்றி நிற்க வைத்து, ஒரு பையனைப் படுக்க வைத்து, மேலே துணியைப் போர்த்தி, பார்க்கிறவர் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று அவன் வாயாலேயே சொல்ல வைப்பார். பெரும்பாலானவர்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, காசைப் போட்டுவிட்டு, காய்கறி வாங்கப் போய்விடுவார்கள். ஆயிரத்தில் ஒருவர் மட்டும் கூட்டம் கலைந்த பிறகும் அங்கேயே நிற்பார். எப்படிச் செஞ்சான்?

போஸ் அந்த ஆயிரத்தில் ஒருவர். அதற்கும் ஒரு படி மேலே போய், தானே வித்தை காட்டுகிற இடத்தில் நின்றார். மேடையில் நிற்பவருக்கு ஒரு விஷயம் சீக்கிரம் புரிந்துவிடும். வித்தை நடப்பது கையில் இல்லை, பார்க்கிறவர் மனதில். வலது கையைப் பார்க்க வைத்துவிட்டால் இடது கை என்ன செய்தாலும் தெரியாது. ஹிப்னாடிசத்தில் இது இன்னும் அப்பட்டம். ஒருவருடைய பேச்சு இன்னொருவருடைய உடம்பைத் தூங்க வைக்கிறது, கையைத் தூக்க வைக்கிறது. தூக்கம் வராமல் தவித்தவர்களுக்கு இதை வைத்தே நிவாரணம் தர முடியும் என்பதை மருத்துவ மாணவராக இருக்கும்போதே போஸ் பார்த்துவிட்டார்.

இங்கே இரண்டு பாதை பிரியும். ஒன்று, எனக்குச் சக்தி இருக்கிறது என்று நம்புகிற பாதை. அதில் போனவர்கள் சாமியாராகவோ வித்தைக்காரராகவோ ஆனார்கள். இன்னொன்று, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிற பாதை. போஸ் இரண்டாவதில் போனார்.

அதே காலத்துக்குச் சற்று முன்னால் வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்டும் ஏறக்குறைய இதே வழியில்தான் வந்திருந்தார். பாரிஸில் சார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் ஹிப்னாடிசத்தால் நோயாளிகளின் கை கால்களை இயங்க வைத்ததைப் பார்த்து அசந்து போனவர், ஊருக்குத் திரும்பித் தானும் செய்து பார்த்தார். எல்லோரும் மயங்கவில்லை. குணமானவர்களுக்கும் நோய் திரும்ப வந்தது. ஒரு கட்டத்தில் ஹிப்னாடிசத்தை விட்டுவிட்டு, நோயாளியைப் பேச விட்டுக் கேட்கத் தொடங்கினார். அதுதான் உளப்பகுப்பாய்வு, சைக்கோ அனாலிசிஸ்.

1909இல் ஃப்ராய்டு அமெரிக்கா போய்ச் சொற்பொழிவாற்றினார். அதே ஆண்டில் அவருடைய கட்டுரைகள் சில ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. அந்தக் காலத்தில்தான் கொல்கத்தாவில் இருந்த போஸுக்கும் இந்த விஷயம் எட்டியது. அவருக்கு ஜெர்மன் தெரியாது. பத்திரிகைக் கட்டுரைகளும், தாமதமாக வந்து சேர்ந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளும்தான் பாடப் புத்தகம். சொல்லித் தர ஆள் இல்லை. இன்று யூடியூப் பார்த்துத் தானே கோடிங் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த நிலைமை புரியும். போஸுக்கு அந்த யூடியூபும் இல்லை.

கிளினிக் நிரம்பிய டாக்டர், மறுபடி மாணவர்

1910இல் எம்.பி. பட்டம் வாங்கி போஸ் டாக்டரானார். காய்ச்சல், வயிற்று வலி என்று வருகிறவர்களைப் பார்க்கும் பொது மருத்துவர். கைராசிக்காரர் என்று பெயர் வந்தது, கூட்டம் சேர்ந்தது, வருமானமும் நன்றாக இருந்தது. இடையிடையே மனக்கோளாறு என்று வருகிறவர்களையும் தனியாக உட்கார வைத்துப் பேச வைத்துக் கேட்பார்.

1915-16இல் கல்கத்தா பல்கலைக்கழகம் உளவியலுக்குத் தனித் துறை தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். பொறுப்பேற்றவர் நரேந்திரநாத் சென்குப்தா. அமெரிக்காவின் ஹார்வர்டில் ஹியூகோ மன்ஸ்டர்பெர்க்கிடம் படித்துவிட்டு வந்தவர். மன்ஸ்டர்பெர்க்கோ, 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியல் ஆய்வகம் அமைத்த வில்ஹெல்ம் வுண்ட்டின் மாணவர். லைப்சிக், ஹார்வர்டு, கொல்கத்தா என்று அந்தச் சங்கிலி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

போஸுக்கு அப்போது வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குடும்பம், கிளினிக், ஊருக்குள் பெயர் எல்லாம் இருந்தது. அவர் போய் அந்தத் துறையில் மாணவராகச் சேர்ந்தார். ஐ.டி. வேலையில் ஐந்தாறு வருஷம் இருந்துவிட்டு, தூரக் கல்வியில் எம்.எஸ்சி. சைக்காலஜி சேரலாமா என்று ராத்திரி பதினொரு மணிக்கு மொபைலில் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

1917இல் முதல் வகுப்பில் தேறினார். உடனேயே அதே துறையில் பிறழ்நிலை உளவியல் பாடம் எடுக்கும் ஆசிரியராகவும் ஆனார்.

ஆனால், அந்தக் கால உளவியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கும். மனிதர்களின் ரகசியம் தெரிந்துவிடும் என்று வந்தால், விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த எத்தனை நொடி ஆகிறது, தோலில் இரண்டு முனை குத்தினால் எவ்வளவு இடைவெளியில் இரண்டாகத் தெரியும் என்று அளக்க வைப்பார்கள். இன்றும் பி.எஸ்சி. முதல் வருஷத்தில் புள்ளியியல் பாடத்தைப் பார்த்துத் திகைக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். மனசைப் படிக்கலாம்னு வந்தா கணக்கு போடச் சொல்றாங்களே என்பது நூறு வருஷத்துப் புலம்பல். போஸ் புலம்பியதாகத் தெரியவில்லை. அளப்பதையும் கற்றுக்கொண்டார், கிளினிக்கில் கேட்பதையும் விடவில்லை.

எதிர் விருப்பம் என்றால் என்ன?

1921இல் அவருடைய டி.எஸ்சி. ஆய்வேடு புத்தகமாக வந்தது. தலைப்பு, அமுக்கப்பட்ட விருப்பங்களைப் பற்றியது. மனதுக்குப் பிடிக்காத ஆசைகளை நாம் மறந்துவிடுகிறோம் என்று நினைக்கிறோம்; உண்மையில் அடியில் தள்ளி மூடி வைக்கிறோம், அவை வேறு வேடத்தில் வெளியே வருகின்றன என்றார் ஃப்ராய்டு. போஸ் அதை ஏற்றுக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். தள்ளுவது யார்? சமூகமா, அப்பா அம்மாவா, பயமா?

போஸின் பதில் வித்தியாசமானது. ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிரான ஒரு விருப்பம் கூடவே பிறக்கிறது என்றார். அடிக்க வேண்டும் என்ற ஆசைக்குள்ளே அடிபடும் ஆசையும் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குள்ளே பார்க்கப்படும் ஆசை இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நிறைவேற முடியாது. அதனால் ஒன்று மேலே நிற்க, மற்றொன்று கீழே போய்விடுகிறது. வெளியில் இருந்து யாரும் தள்ள வேண்டியதில்லை.

ஒரு சின்ன எடுத்துக்காட்டில் பார்க்கலாம். மேனேஜர் எதுவும் சொல்லாமலே, அவர் தன்னைக் கேவலப்படுத்துகிறார் என்று ஒருவர் தினமும் நடுங்குகிறார். போஸ் வழியில் போனால், அந்த ஆளை மேனேஜரின் நாற்காலியில் கற்பனையாக உட்கார வைத்துப் பேசச் சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்து அவர் யாரைத் திட்டுகிறார், திட்டும்போது என்ன சுகம் கிடைக்கிறது என்று அவரே பார்க்க வேண்டும். மறுபடி இந்தப் பக்கம் வர வேண்டும். ஏற்றப் பலகை மேலும் கீழும் ஆடுவது போல இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்த பிறகு பிடி தளரும் என்பது அவருடைய சிகிச்சை முறை.

இது சரியா? இன்றைய ஆய்வு முறைகளை வைத்து இதை நிரூபிப்பது கஷ்டம். ஃப்ராய்டின் கோட்பாடுகளில் பலவற்றுக்கும் அதே கதிதான். ஆனால், எதிரில் இருப்பவரின் இடத்தில் நின்று பேசிப் பார்ப்பது இன்று பல சிகிச்சை முறைகளில் சாதாரணமாகிவிட்டது.

வியன்னாவுக்குப் போன பார்சல்

புத்தகத்தை போஸ் வியன்னாவுக்கு அனுப்பி வைத்தார். ஃப்ராய்டிடம் இருந்து பதில் வந்தது. இவ்வளவு தொலைவில் இருக்கும் நாட்டில் தன் துறையில் இப்படி ஒரு வேலை நடப்பதில் அவருக்கு வியப்பும் மகிழ்ச்சியும். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் ஒரு முறைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. போஸ் ஐரோப்பாவுக்குப் போகவே இல்லை.

பார்க்காததால் ஒரு வேடிக்கையும் நடந்தது. போஸின் நண்பரான ஓவியர் ஜதீந்திர குமார் சென், ஃப்ராய்டின் போட்டோவைக்கூடப் பார்க்காமல், எழுத்தை வைத்தே ஆள் இப்படித்தான் இருப்பார் என்று கற்பனை செய்து ஒரு படம் வரைந்தார். அதை போஸ் ஃப்ராய்டுக்கே அனுப்பிவிட்டார். ஃப்ராய்டு தன் தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் படத்தில் தான் அசல் இங்கிலீஷ்காரன் மாதிரி இருப்பதாகக் கிண்டல் செய்தார். வியன்னாவில் வாழ்ந்த யூதர் அவர். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கொல்கத்தாவில் ஒரு பெரிய அறிவாளியின் முகத்தைக் கற்பனை செய்தால் அது யார் முகமாக வரும் என்பதற்கு, ஃப்ராய்டின் பாணியிலேயே தனி ஆய்வு நடத்தலாம்.

1922இல் பார்சிபாகன் தெருவில் 14ஆம் எண் வீட்டில், அதாவது போஸின் சொந்த வீட்டில், இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கியது. 15 பேர் சேர்ந்தார்கள். சாகும் வரை போஸ்தான் தலைவர். அதே வீட்டில் சனிக்கிழமைதோறும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடி அரட்டை அடிக்கும் சபையும் நடந்தது. வங்காளிகள் அதை அட்டா என்பார்கள். நம்ம ஊர் திண்ணைப் பேச்சு.

எங்க ஊர் நோயாளி அப்படி இல்லை

இனி வருவதுதான் போஸின் வாழ்க்கையில் முக்கியமான இடம். ஃப்ராய்டு அன்று சாதாரண ஆள் இல்லை. அவரோடு முரண்பட்ட ஆட்லரும் யுங்கும் வட்டத்தை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவரிடம் 1929இல் போஸ் தன்னுடைய 13 கட்டுரைகளை அனுப்பி, சில இடங்களில் தான் உடன்படவில்லை என்று குறிப்பிட்டார்.

விஷயம் இதுதான். ஆண் பிள்ளைக்கு அம்மா மேல் ஆசை, அப்பா மேல் பயம், அந்தப் பயத்தால் ஆசை அடங்குகிறது என்பது ஃப்ராய்டின் பிரபலமான ஈடிபஸ் கோட்பாடு. அப்பா தன் ஆண்மையை வெட்டிவிடுவார் என்ற அச்சத்துக்கு அதில் பெரிய இடம் உண்டு. தன்னிடம் வருகிற இந்திய ஆண்களிடம் அந்த அச்சம் ஐரோப்பியர்களிடம் சொல்லப்படுகிற அளவுக்குத் தெரியவில்லை என்றார் போஸ். அதற்குப் பதிலாக, பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் இந்திய ஆண்களிடம் எளிதாக வெளியே வருகிறது என்றும் எழுதினார். ஆண் கடவுளின் முன்னால் தன்னைப் பெண்ணாகப் பாவித்துக்கொள்ளும் பக்தி மரபு உள்ள நாட்டில், நாயகி பாவத்தில் ஆழ்வார் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. வியன்னாவுக்கு அது புதுசு.

ஃப்ராய்டு மரியாதையாகத்தான் பதில் எழுதினார். வித்தியாசம் தன் கவனத்தைக் கவர்ந்ததாகச் சொன்னார். ஆனால், எதிர் விருப்பக் கோட்பாடு வடிவத்தைப் பேசுகிறதே தவிர உள்ளே இயங்கும் விசையைப் பேசவில்லை என்பது அவருடைய முடிவு. போஸ் பணிந்து வாபஸ் வாங்கவும் இல்லை, சண்டை போட்டு வெளியேறவும் இல்லை. தன் கோட்பாட்டைத் தொடர்ந்து சொல்லிக் கொடுத்தார், கடிதமும் தொடர்ந்தது.

இதில் ஒரு பாடப் புத்தகச் சண்டையை விடப் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு நகரத்து நடுத்தர வர்க்க நோயாளிகளை வைத்து எழுதியது எல்லா மனிதர்களுக்கும் பொருந்துமா? இன்றைய உளவியல் இதே கேள்வியில்தான் தவித்துக்கொண்டிருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பகுதி மேற்கத்தியக் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தவை என்ற குற்றச்சாட்டு கடந்த 15 ஆண்டுகளில் பெரிதாக எழுந்தது. அதை 1929லேயே ஒரு கொல்கத்தா டாக்டர் தன் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

அந்த அறையில் யார் இருந்தார்கள்?

போஸை முழுக்கக் கொண்டாடிவிட்டுப் போக முடியாது. சங்கத்தின் முதல் உறுப்பினர்களில் இந்தியர்கள் பெரும்பாலும் படித்த மேல்சாதி வங்காளி ஆண்கள். இரண்டு பேர் பிரிட்டிஷார். அதில் ஒருவர் ஓவன் பெர்க்லி-ஹில், ராஞ்சியில் ஐரோப்பியர்களுக்கான மனநல மருத்துவமனையை நடத்தியவர். இந்துக்களின் குணமே குழந்தைப் பருவத்து மலம் கழிக்கும் பழக்கத்தில் இருந்து வந்தது என்கிற மாதிரி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இத்தனைக்கும் அவர் மணந்தது மலபாரைச் சேர்ந்த ஒரு இந்தியப் பெண்ணை. இன்னொருவர் டேலி என்ற ராணுவ அதிகாரி. ஆங்கிலேயரை எதிர்த்த இந்தியப் புரட்சிக்காரர்களின் போராட்டத்தை மனக்கோளாறு போலப் பார்த்து எழுதியவர்.

சுதந்திரம் கேட்பதை நோய் என்று சொல்ல உளவியல் பயன்பட்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆள்கிறவன் கையில் இருந்தால் எந்தப் படிப்பும் இப்படி வளையும். போஸ் அவர்களோடு ஒரே சங்கத்தில் இருந்தார். ஆனால், இந்தியர்களின் மனம் குறைபட்டது என்ற அவர்கள் பார்வையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வித்தியாசமாக இருக்கிறது என்றுதான் எழுதினார். குறை, வித்தியாசம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அவருடைய குறிப்புகளில் இருந்த இந்தியர் யார் என்ற கேள்வியும் மிச்சம் இருக்கிறது. பேசிப் பேசியே மாதக்கணக்கில் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு நேரமும் காசும் உள்ளவர்கள்தான் வர முடியும். கூலி வேலைக்குப் போகிறவரோ, கிராமத்துப் பெண்ணோ அந்த நாற்காலிக்கு வந்திருக்க வாய்ப்பு குறைவு.

மூன்று படுக்கை ஆஸ்பத்திரி

இந்தக் குறையை போஸ் உணர்ந்தார் என்று நம்ப ஒரு காரணம் உண்டு. 1933இல் கொல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், இன்றைய ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், மனநலத்துக்கு என்று வெளிநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். பொது ஆஸ்பத்திரிக்குள் அப்படி ஒரு பிரிவு இந்தியாவில் அதுதான் முதல்.

இன்று கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். அன்று நடப்பில் இருந்தது 1912ஆம் ஆண்டு பைத்தியச் சட்டம். மனநோயாளி என்றால் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் உத்தரவோடு மதில் சுவருக்குள் போக வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரே வசைச்சொல் ஆனது இந்த மாதிரிச் சூழலில்தான். காய்ச்சல்காரரும் கால் முறிந்தவரும் நிற்கிற அதே ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றால், அது எவ்வளவு பெரிய மாற்றம்!

1940இல் லும்பினி பார்க் என்ற மனநல மருத்துவமனை தொடங்கியது. இடம் கொடுத்தவர் அண்ணன் ராஜசேகர் போஸ். ஆரம்பத்தில் மூன்றே மூன்று படுக்கை. 1942இல் வங்காளத்தின் புகழ்பெற்ற கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் பேச்சும் நினைவும் தடுமாறி நோயில் விழுந்தபோது, அவரைக் கொண்டு வந்து சேர்த்தது இங்கேதான். சில மாதங்கள் வைத்திருந்தும் குணப்படுத்த முடியவில்லை. நஸ்ருல் அதன் பிறகு 1976 வரை உயிரோடு இருந்தார், எழுதவே இல்லை. பேச வைத்துக் கேட்பதையே மருந்தாகக் கொண்ட ஒரு மருத்துவரின் ஆஸ்பத்திரிக்கு, பேச்சே போய்க்கொண்டிருந்த ஒரு கவிஞர் வந்து சேர்ந்தார்.

தெற்கே வந்த பாதை

கொல்கத்தாவுக்குப் பிறகு 1924இல் மைசூர் பல்கலைக்கழகம் உளவியல் துறை தொடங்கியது. லண்டனில் ஸ்பியர்மேனிடம் படித்துத் திரும்பிய எம்.வி. கோபாலசுவாமி அதன் தலைவர். இவர் 1935இல் தன் வீட்டிலேயே சின்னதாக ரேடியோ நிலையம் நடத்தி, அதற்கு ஆகாசவாணி என்று பெயரும் வைத்தவர். 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.டி. போவாஸ் தலைமையில் துறை வந்தது. இன்று பொம்மிடியில் இருந்து ரயில் ஏறினால் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் படிக்கலாம்.

படிக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன் மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதலாம். சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்தவர். சோதனைகள் செய்வார், பேச்சு சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக வேலை செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் தேவை. வெறும் டிகிரியோடு போர்டு மாட்ட முடியாது. போஸ் இரண்டு கரையிலும் நின்றவர் என்பதால் அவரை எந்தப் பெயரில் அழைப்பது என்று இன்றும் குழப்பம் வரும்.

தந்த விஷ்ணு

1931இல் ஃப்ராய்டுக்கு 75 வயது. சங்கத்தின் சார்பில் கொல்கத்தாவில் இருந்து ஒரு பார்சல் போனது. உள்ளே தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை, தலைக்கு மேல் அனந்தன் படம் விரித்துக் குடை பிடிக்கும் கோலம். பழம்பொருள் பித்தரான ஃப்ராய்டு அதை மேசை மேலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் தந்தத்தில் விரிசல் தெரிந்தது. கல்கத்தா வெயிலுக்குப் பழகிய சாமிக்கு வியன்னா குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று யோசித்துக் குறிப்பெழுதி வைத்தார்.

போஸின் கவனம் வயதாக ஆகப் பல பக்கம் போனது. கனவுகளைப் பற்றி வங்காளியில் புத்தகம் எழுதினார். பகவத் கீதைக்கு உரை எழுதினார், புராணங்களில் வரலாறு தேடினார். குழந்தைகளுக்காகச் செவ்வெறும்புக்கும் கட்டெறும்புக்கும் நடக்கும் சண்டையை வைத்து லால் காலோ என்ற கதை எழுதினார். சிவப்பு, கறுப்பு என்று அர்த்தம். எதிர் விருப்பக்காரர் எழுதிய குழந்தைக் கதையிலும் இரண்டு கட்சிதான்.

கல்கத்தா பல்கலைக்கழகத் துறைக்கு ஏறக்குறைய 20 ஆண்டு தலைமை தாங்கி, 1949இல் ஓய்வு பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் சமீக்ஷா என்ற ஆய்விதழைத் தொடங்கியிருந்தார். 1953 ஜூன் 3ஆம் தேதி, 66ஆவது வயதில் காலமானார்.

நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் 1938இல் ஃப்ராய்டு லண்டனுக்குத் தப்பிப் போனார். சேகரித்த சிலைகளும் கூடவே போயின. மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ் தெருவில் அவர் கடைசியாக வாழ்ந்த வீடு இப்போது மியூசியம். போஸ் அனுப்பிய விஷ்ணுவும் அங்கேதான் இருக்கிறார்.